உரிமம் இல்லாத குரல்

நவம்பர் 3, திங்கள்

காலையில் இரத்த அழுத்த மாத்திரை. மாடியில் ஏரியல் கம்பியின் கட்டு தளர்ந்திருந்தது, இறுக்கிக் கட்டினேன். பிறகு வழக்கம்போல், ஹாம் ரேடியோ உரிமத்தில் நான் வைத்திருக்கும் வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை. நான் வேலை பார்த்தது வானலைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறையில். சொன்னால் “ரேடியோ ஸ்டேஷனா?” என்று கேட்பார்கள். இல்லை. காற்றில் போகும் அலைவரிசைகளை விமானத்துக்கு இது, கப்பலுக்கு இது, போலீசுக்கு இது என்று ஒரு பிரிவு பங்கு வைக்கும். இன்னொரு பிரிவு உரிமம் கொடுக்கும். எங்கள் பிரிவு கேட்கும். கேட்பது, குறித்துக்கொள்வது, மீறுகிறவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. காலமெல்லாம் கேட்டுக் கேட்டே எனக்குப் பேச வராமல் போய்விட்டது என்று என் மனைவி சொல்வாள். அவள் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடைசியாக வேலை பார்த்தது தூத்துக்குடியில் என்பதால் இந்தப் பனையடிக்கரையிலேயே தங்கிவிட்டேன்.

கப்பல்கள் ஆபத்தில் அழைப்பதற்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் இன்று ஒரு பெண் குரல்.

“ஏ மனுசா, என்ன மீனு பட்டுருக்கு?”

“ஊளியும் ரெண்டு பாறையும். உனக்கென்ன, கரையில இருந்துக்கிட்டு.”

“எனக்கென்னவா? அன்னைக்கு மாதிரி நீ ஏலக்காரன்கிட்ட இளிச்சிக்கிட்டு வந்தேன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன். மவன் எங்கன?”

“எனக்குத் தெக்க கெடக்கான்.”

உரிமம் உள்ளவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். கடைத்தெருவில் விற்கும் மலிவான வாக்கி-டாக்கியாக இருக்க வேண்டும். யாரென்று தெரியவில்லை.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கணவர் ரெமிஜியூஸும் மகன் டெல்பினும் தனித்தனிப் படகில் கடலுக்குப் போகிறவர்கள். இன்று ஊளி நன்றாகப் பட்டிருக்கிறதாம். படகுகள் இன்னும் திரும்பவில்லையே, எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அதே அலைவரிசை. யாரோ பேசும் பொத்தானை அழுத்தி, அது அப்படியே மாட்டிக்கொண்டுவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் மிக்சி ஓடும் சத்தம், குக்கர் விசில், பூனையை விரட்டும் சத்தம், பிறகு ஒரு மாதா பாட்டு.

இது சிரிக்கும் விஷயம் இல்லை. ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை அந்த அலைவரிசையில் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் எதுவும் கேட்காது. ஒரு கப்பலில் தீப்பிடித்து அவர்கள் அழைத்தாலும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் காதில் விழுவது குக்கர் விசில்தான்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஜெசிந்தா அடுப்படியில் இருந்தாள். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று. கொல்லை மூங்கிலில் கொடிக்கம்பியோடு சேர்த்து இன்னொரு கம்பியும் மேலே போகிறது.

“என்ன சார், நின்னுக்கிட்டே இருக்கிய? எதாவது வேணுமா?”

“கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கா?”

“உங்க வீட்டு மரமே காடா நிக்குதே சார்.”

“பூச்சி அடிச்சிருக்கு.”

கறிவேப்பிலையோடு திரும்பினேன். மரத்தில் பூச்சி இல்லை.

நவம்பர் 5, புதன்

மழை. இன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கண்காணிப்பு நிலையத்திலிருந்து வினோதா என்ற உதவிப் பொறியாளர் போன் செய்தாள். சேலத்துப் பெண். வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தானாம்.

“நெல்லையப்பன் சாருங்களா? திசை காணுறது பத்தி நீங்க எழுதின பாடக்குறிப்பு வச்சுத்தான் சார் எங்க பேட்ச்சே படிச்சோம்.”

அதை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் வேறு யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போன சரக்குக் கப்பல் ஒன்று எஞ்சின் நின்றுபோய் அழைத்திருக்கிறது. அரை மணி நேரம் அவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. பிறகு எஞ்சின் தானே ஓடிவிட்டதால் ஆபத்து இல்லை. ஆனால் புகார் வந்திருக்கிறது. நாளை வண்டியோடு வருகிறார்கள்.

“நீங்க அந்த ஊருலயே இருக்கீங்களே சார். கொஞ்சம் கூட இருந்தா நல்லா இருக்கும்.”

சரி என்றேன். அவள் மரியாதையாகக் கேட்டாள். மறுக்க என்ன காரணம் சொல்வது?

நவம்பர் 7, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வண்டி ஒன்பது மணிக்கு வந்தது. கூரையில் திசை காணும் ஏரியல். ஆனால் தெருவுக்குள் ஓட்டிப் பார்த்ததில் ஒரு முறை கோயில் கோபுரத்தையும், ஒரு முறை ஐஸ் கம்பெனியையும், ஒரு முறை கடலையும் காட்டியது. தகரக் கூரையில் பட்டு அலை திரும்பும், இது சகஜம். வினோதாவின் முகம் வாடிவிட்டது.

“சார், நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?”

தெருவுக்குள் அளக்கக்கூடாது, வெட்டவெளிக்குப் போக வேண்டும் என்றேன். உப்பளத்துக் கரையிலிருந்து ஒரு திசை. பிறகு பழைய சுங்கச் சாவடிப் பக்கமிருந்து ஒரு திசை. குரல் வரும்வரை காத்திருந்து இரண்டையும் எடுத்தோம். வண்டியின் பானெட்டில் வரைபடத்தை விரித்து இரண்டு கோடுகளை நானே போட்டேன். கோடுகள் வெட்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். அது என் பக்கத்து வீடு என்று அப்போது நான் பார்க்கவில்லை. வரைபடத்தில் வீடுகளுக்குப் பெயர் இல்லை.

“சூப்பர் சார்” என்றாள் வினோதா.

நான் வண்டியிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜெசிந்தா துணியை எடுத்து அவளே காட்டினாள். “இதுல என்ன குண்டா இருக்கு?”

“அம்மா, இதுக்கு லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கவே கூடாது.”

“எங்க வீட்டுக்காரவுககூடப் பேச லைசென்சா? சாமியார் முன்னாடி மோதிரம் போட்டாவளே, அது என்னதாம்?”

தெருவில் கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். வினோதாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஒரு கப்பல்ல இருவது பேரு இருந்தாங்கம்மா. அவங்க கூப்பிட்டது யாருக்கும் கேக்கலை” என்றாள்.

ஜெசிந்தா கருவியைத் துணியால் மறுபடி மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சார், நீங்க சொல்லுங்க. காத்து கெளம்புச்சுன்னா நான் எதுல கூப்பிடட்டும்?”

சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவியை எடுத்துக்கொண்டு, மேலே இருந்த கம்பியையும் கழற்றினார்கள். கொடியில் கிடந்த துணிகள் மண்ணில் விழுந்தன.

நவம்பர் 8, சனி

டீ வரவில்லை. நானே போட்டேன். பால் திரிந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து திரும்பிய ஜெசிந்தாவை வாசலில் நிறுத்தினேன். உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

“போட்டாச்சு சார். போன வருசமே போட்டாவ. படகு பதிவுக்கு ஒரு ஆபீசு. அங்க போனா, செட்டு அவிய சொல்லுத செட்டா இருக்கணும், அதுக்கு வேற ஆபீசு. அது வாங்கிக்கிட்டுத்தான் லைசென்சு ஆபீசுக்குப் போவணுமாம். லைசென்சு ஆபீசுல, மொத ஆபீசு கடுதாசி பழசாயிட்டுங்காவ. எங்க வீட்டுக்காரவுக கடலுக்குப் போவாவளா, ஆபீசுக்குப் போவாவளா?”

“ஒவ்வொன்னுக்கும் ஒரு காரணம் இருக்கும்மா.”

“இருக்கட்டும். கோடு போட்டுக் காட்டுனது நீங்கதானாமே?”

“என்னைக் கேட்டாங்க.”

“கேட்டா?” அவள் சத்தம் போடவில்லை. “செவ்வாக்கெழமை கறிவேப்பிலை வாங்க வந்தியளே. அன்னைக்குச் சொல்லிருந்தா நானே ஒதுங்கிப் பேசிருப்பேனே சார். வேற நம்பருக்கு மாத்தத் தெரியாமதான அதுல பேசுனோம்.”

படகுகளில் இருக்கும் கருவிகளை எல்லாரும் பலகைக்கு அடியில் ஒளித்துவிட்டார்களாம். புதுக் குரல் எது கேட்டாலும் உடனே கருவியை அமர்த்தி அணைத்துவிட வேண்டும் என்று பேச்சாம். இதை அவள் சொல்லவில்லை. தெருக்குழாயில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நான் கேட்கிறவன்தானே.

நவம்பர் 10, திங்கள்

பெட்டியைப் போடவில்லை. பல் வலி.

நவம்பர் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நேற்று விடியுமுன் படகுகள் போய்விட்டன. அப்போது எச்சரிக்கை ஏதும் இல்லை. பதினொன்றரை மணிச் செய்தியில், பிற்பகலில் பலத்த வாடைக்காற்று, கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும் என்றார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று. ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒலிபெருக்கி கரையில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். படகில் இருப்பவர்களின் செல்போன் நான்கைந்து மைலுக்கு மேல் எடுக்காது.

நான் கடல் மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன்.

“பனையடிக்கரைப் படகுங்களா சார்? அவங்க செட்டோட அழைப்புக் குறி என்ன?”

“குறி கிடையாது. உரிமம் இல்லாத செட்டு.”

“அப்ப எங்க லிஸ்ட்ல இருக்காதே சார். லிஸ்ட்ல இல்லாத செட்டை நான் எப்படிக் கூப்பிடுறது? ரோந்துக் கப்பலுக்குச் சொல்றேன், அது ராமேஸ்வரம் பக்கம் நிக்குது.”

அவர் மரியாதையாகத்தான் பேசினார். என்னைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அவர் கொடுத்த இன்னொரு அலுவலகத்து எண்ணில், அறிவிப்பு எல்லா ஊர்களுக்கும் அனுப்பிவிட்டோம் என்றார்கள். வினோதாவின் எண் கிடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா வாசற்படியில் நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன.

“சார், உங்க பெட்டி பேசுமா?”

“பேசும். எனக்கு உரிமம் உள்ள அலைவரிசையில மட்டும். கடல் அலைவரிசையில பேசாது.”

“ஏன் பேசாது?”

“பேசக்கூடாதுன்னு உள்ள ஒரு சின்ன இணைப்பு வச்சிருக்காங்க.”

“அதைப் பிச்சிப்போட்டா?”

அந்த இணைப்பை வெட்டிய பெட்டிகளுக்கு எத்தனையோ முறை அரக்கு முத்திரை வைத்திருக்கிறேன். அதனால் அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். திருகாணிகளைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். வெட்டும் குறடு எடுத்தேன். ஜெசிந்தா டார்ச் பிடித்தாள். ஒரு நெல்மணி அளவு கம்பி. சத்தம்கூட வரவில்லை.

மைக்கை எடுத்தேன். முறை தெரிந்தவன் நான்தானே.

“அனைத்து நிலையங்களுக்கும், அனைத்து நிலையங்களுக்கும். பாதுகாப்பு அறிவிப்பு. பனையடிக்கரைப் படகுகள் அனைத்தும் உடனடியாகக் கரை திரும்பவும். ஓவர்.”

பதில் இல்லை. மறுபடி அதையே, இன்னும் தெளிவாகச் சொன்னேன். அப்போது ஒரு இளைஞனின் குரல், அவசரமாக:

“ஆபீசர் சத்தம்லே! அமத்து, அமத்து!”

டக்கென்று அந்தக் குரல் அறுந்தது. எங்கோ இன்னொரு குரலும் பாதியில் நின்றது. பிறகு வெறும் இரைச்சல்.

“என்ன சார் பண்ணிட்டிய!” ஜெசிந்தா கத்தினாள். “கலெக்டர் மாதிரிப் பேசுனா எவன் வாயத் தொறப்பான்? கொண்டாங்க இங்க.”

உரிமம் இல்லாதவர் கையில் மைக்கைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தேன்.

“ஏ ரெமி! ஏ மனுசா! ஒளிஞ்சிக்கிட்டா கெடக்க? நான் ஜெசிந்தா. வாடை வருது, வலைய அறுத்துட்டு வா. ஏ கேக்குதா?”

அவள் பொத்தானை விடவே இல்லை. விட்டால்தான் பதில் கேட்கும் என்று அவள் விரலை நான் எடுத்துவிட்டேன்.

“நெசமா நீதானா? செட்டுதான் போச்சே, எங்கன இருந்து பேசுத?”

“சார் வீட்டுல.”

“எந்த சாரு? காட்டிக்குடுத்தானே, அந்த ஆளா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “அந்த ஆளுதான். இப்ப அதையா பேசுவ? பக்கத்துல கெடக்கவனுக்கெல்லாம் துண்ட வீசிக் காட்டு. செட்டப் போடச் சொல்லு.”

அதன்பிறகு ஒவ்வொருவராக அலைவரிசையில் வந்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் முன்னால் வந்து, மைக்கைப் பிடித்து, தன் ஆளைத் திட்டி, பதில் வாங்கிக்கொண்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தாள். பதில் தந்த படகுகளை நான் தாளில் குறித்தேன். பெண்களுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. டெல்பின் படகிலிருந்து மட்டும் பதில் வரவில்லை.

“அவன் அமத்தி வச்சிருக்கான்” என்றார் ரெமிஜியூஸ். குரல் விட்டுவிட்டு வந்தது. “அமத்துன்னு கத்துனதே அவன்தான். இன்னும் வெலங்க, ஆழத்துல கெடக்கான். நான் கிட்டப் போறேன்.”

“காத்துக்கு எதுக்கவா?”

“பின்ன விட்டுட்டா வர?”

ஜெசிந்தா பொத்தானை அழுத்தாமலேயே ஏதோ சொன்னாள். பிறகு அழுத்தி, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அதே தொனியில், மறுபடி மறுபடி.

தெருவில் வண்டி நிற்கும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூரையில் ஏரியல். இந்த முறை அவர்களுக்குக் குழப்பமே வந்திருக்காது. என் ஏரியல் உயரமானது.

நான் போய்க் கதவைச் சாத்தி, முன்னால் நின்றுகொண்டேன். வினோதாவும் இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். சேலை காற்றில் பறந்தது.

“சார்… நீங்களா?” என்றாள். கோபத்தைவிடப் பயம்தான் அவள் முகத்தில் இருந்தது. “உள்ள போகணும் சார்.”

“அடையாள அட்டை.”

“சார், என்னை உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அட்டையைக் காட்டணும்.”

காட்டினாள். கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, படித்தேன். செல்லுபடியாகும் தேதியைப் பார்த்தேன். கதவில் சாய்ந்துகொண்டேன். கூட வந்த இருவரின் அட்டையையும் கேட்டேன். பிறகு, சோதனை போட அதிகாரம் கொடுத்த உத்தரவைக் கேட்டேன். உள்ளூர் சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், அவர்கள் எனக்கு வேண்டியவர்களாகவும் இருக்கக்கூடாது, வேண்டாதவர்களாகவும் இருக்கக்கூடாது என்றேன். ஒவ்வொன்றும் விதிப்படி சரியானது. நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது எனக்கே ஞாபகம் இல்லை.

கூட வந்தவர்களில் ஒருவர், “மேடம், சிக்னல் இன்னும் போயிட்டிருக்கு, தள்ளிட்டுப் போகலாம்” என்றார்.

கதவுக்குப் பின்னால் ஜெசிந்தாவின் குரல். “டெல்பின், மக்கா, பெட்டியப் போடுலே. அம்மைதாம்லே.” வினோதா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து உத்தரவை எடுத்தாள்.

“முழுசும் படிச்சுக் காட்டட்டுமா சார்?”

“படிக்கணும். அதுதான் முறை.”

தலைப்பிலிருந்து ஆரம்பித்தாள். கோப்பு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு, உட்பிரிவு. காற்றில் தாள் மடங்கியபோது நிறுத்தி, நீவி, விட்ட வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் பக்கம் நடுவில் இருக்கும்போது உள்ளே கரகரவென்று ஒரு குரல்.

“எம்மா, ஏன் இந்தக் கத்து கத்துத? அப்பா இந்தா பக்கத்துல வந்துட்டாவ. வாரோம்.”

உள்ளே பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ அழுதார்கள். வினோதா தாளை மடித்தாள். நான் கதவைத் திறந்து விலகி நின்றேன்.

பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள். என் உரிமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இயக்கியவர் யார் என்ற இடத்தில் நான் என்று சொன்னேன்.

“பெண் குரல்னு பதிவாகியிருக்கு சார்.”

“பதிவானதை எழுதும்மா. நான் சொன்னதையும் எழுது.”

இரண்டையும் எழுதினாள். மாலையில் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. டெல்பின் படகை ரெமிஜியூஸ் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கூட்டத்தில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி கிளம்பும்போது வினோதாவிடம் ஒன்று கேட்டேன். அந்தக் காற்றில் இன்னும் எத்தனை கப்பல்கள், எத்தனை ஊர்ப் படகுகள் வெளியே இருந்திருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் வேறு யாராவது உதவி கேட்டார்களா?

அவள் வண்டிக் கண்ணாடியை முழுதும் இறக்கி என்னைப் பார்த்தாள்.

“தெரியல சார். நீங்க பேசிட்டிருந்தீங்கல்ல.”